சிரிப்பும் சிறுமையும்

“கேலிப் படந்தானே! அதில் நீதி நியாயம் பார்ப்பானேன்?” என்று கேட்கும் அன்பர்கள் பலர் உளர். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றனர் என்பதை ஆராயாத சிரிப்பு அறிவுடையோர்க்கு அழகன்று என்பது நமது கட்சி. ஒரு படத்தைக் கொண்டே இதனை விளக்குவோம்.

அமெரிக்காவில் ஜான் ஹியூஸ் என்பார் எழுதி, முதன்முதலாக இயக்கவும் செய்து, 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிக்ஸ்டீன் காண்டில்ஸ்’ என்னும் படம் இளைஞர் நகைச்சுவைப் படங்களுள் பெயர் பெற்றது. தமக்கையின் கல்யாண அமளியில், சமந்தா என்னும் பெண்ணின் பதினாறாவது பிறந்த நாளை வீட்டார் அனைவரும் மறந்துவிடுகின்றனர். கதையின் வித்து இவ்வளவே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். பெண்ணொருத்தியின் மனத்தாங்கலை அற்பமென்று தள்ளாமல், அதையே கதையின் நடுவில் வைத்த துணிவு மெச்சத்தக்கது. சமந்தாவாக வரும் மாலி ரிங்வால்டின் நடிப்பில் மிகை சிறிதுமில்லை. இரவில் தந்தை மகளிடம் வந்து, தன் மறதிக்கு மன்னிப்புக் கோரும் காட்சி பெற்றோர் யாவரும் காணத்தக்கது. பிள்ளையிடம் தவற்றை ஒப்புக்கொள்வது தகப்பனுக்கு மானக்குறைவன்று என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

ஆனால், அதே படத்தில் லாங் டக் டாங் என்றோர் ஆசிய மாணவன் வருகிறான். அவன் பேர் அடிபடும் போதெல்லாம் சேகண்டி ஒலிக்கிறது! அவன் பேச்சும் கேலி, நடையும் கேலி. அவ்வேடந் தாங்கிய கெடி வாடனபே அமெரிக்காவிலேயே பிறந்தவர். அவரைக் கொச்சை ஆங்கிலம் பேசவைத்தே ஊரைச் சிரிக்க வைத்தனர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சமந்தா மனத்தைப் பறிகொடுத்த ஜேக் என்பான், குடிமயக்கில் தன்னிலை மறந்த தன் காதலி கரோலினை, மற்றொரு சிறுவனிடம் காரோடு சேர்த்து ஒப்படைத்துவிடுகிறான். இரவில் நடந்தது இன்னதென்று மறுநாட் காலையில் இருவருக்குமே தெளிவில்லை. படமோ அதையும் வேடிக்கையாக்கி, அவளும் மகிழ்ந்தாள் போலும் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறது. பெண் என்ன, கைமாற்றும் பண்டமா?

“அக்காலம் அப்படி” என்பர். பிறந்த நாளை மறந்ததற்கே ஒரு பெண் நெஞ்சம் நோவாள் என்று அறிந்த ஆசிரியருக்கு, வேறொரு பெண்ணுக்கும் ஓர் அயல்நாட்டு மாணவனுக்கும் நெஞ்சுண்டு என்பது தெரியாமற் போயிற்றே! இது காலத்தின் குற்றமா? கண்ணின் குற்றமே.

மாலி ரிங்வால்டே 2018-இல் ‘நியூ யார்க்கர்’ இதழில், தாம் நடித்த அவ்வகைப் படங்களை மறுபடியும் ஆராய்ந்து, கரோலினுக்கு நேர்ந்ததைக் குறித்தும் மனங்கலங்கி எழுதினார். படங்களை அழித்துவிட வேண்டுமென்று அவர் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

படத்தைப் பாருங்கள், பிள்ளைகளோடு சேர்ந்தே பாருங்கள். தந்தை மன்னிப்புக் கேட்குமிடத்தில் கண் கசிந்தால் கசியட்டும். சேகண்டி ஒலிக்குமிடத்தில் மட்டும், பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம், “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். நாளை அவன் பள்ளிக்குப் புதிதாய் வரும் பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது, அவன் சிரிப்பானா, கைகொடுப்பானா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.