ஒன்-ஆன்-ஒன் மீட்டிங் யாருக்காக?

"அந்த டிக்கெட் என்னாச்சு?", "எப்போ முடியும்?", கடைசியில் ஒப்புக்கு "வேற ஏதாவது பிரச்னை?" "ஒண்ணும் இல்ல சார்." பத்தே நிமிஷத்தில் கால் கட். பல ஐ.டி. டீம்களில் ஒன்-ஆன்-ஒன் மீட்டிங் இப்படித்தான் நடக்குது. மூணு மாசம் கழிச்சு அதே ஆள் பேப்பர் போட்டா, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மேனேஜர் ஆதங்கப்படுவார். எப்போ சொல்வது?

டிக்கெட் நிலவரம் ஜிராவிலேயே இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க ஒரு மீட்டிங் எதற்கு?

இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆன்டி குரோவ், 1983-ல் வெளியான 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' புத்தகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இது ஊழியரின் மீட்டிங். எதைப் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். மேனேஜர் செலவிடும் 90 நிமிஷம், அந்த ஊழியரின் அடுத்த இரண்டு வார வேலையை மேம்படுத்தும் என்பது குரோவ் போட்ட கணக்கு. புதுசா சேர்ந்தவருக்கு அடிக்கடி, அனுபவசாலிக்கு இடைவெளி விட்டு என்றும் சொல்கிறார். பத்துப் பேர் டீமில் 90 நிமிஷம் கஷ்டம்தான். அரை மணி நேரம் போதும், ஆனா கேன்சல் பண்ணக் கூடாது.

நம்ம ஊர் ஆபீஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'சார்' என்று கூப்பிடுகிறவரிடம் "நீங்க செய்றது சரியில்ல" என்று யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். அதனால், "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் பதில் 'ஓகே'தான். "இந்த வாரம் எந்த வேலை உங்களைத் தேவையில்லாம இழுத்தடிச்சுது?" என்று கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு பேசாம இருங்க. வீடியோ காலில் பத்து விநாடி மௌனம் யுகமாத் தெரியும், அதைத் தாங்கணும். உண்மையான விஷயம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வரும்.

அங்கே சொன்னதை ஏப்ரல் அப்ரைசலில் "நீங்களே அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்களே" என்று ஒரே ஒரு முறை எடுத்துப் போட்டால் கதை முடிந்தது. அவரிடம் மட்டுமில்ல, டீம் முழுக்க அதற்குப் பிறகு 'ஒண்ணும் இல்ல சார்'தான்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சார் கேட்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். அடுத்த இன்வைட்டிலேயே 'நைட் ஷிஃப்ட் மாற்றம்', 'கிளவுட் புராஜெக்ட் வாய்ப்பு' என்று இரண்டு வரி போட்டு அனுப்புங்க.