அடிக்கடி வரும் தலையிடி

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. காய்ச்சலையாயினும் தொட்டறியலாம், வெப்பமானி கொண்டு அளந்து காட்டலாம். தலையிடியை யார் கண்டார்? ஆதலினாற்றான் அடிக்கடி தலையிடியென்று படுக்கும் பிள்ளை சோம்பேறியென்றும், அடுப்படியில் நிற்கவியலாத தாய் சாட்டுச் சொல்பவளென்றும் பெயர் கேட்கின்றனர்.

இஃது அருமையாகக் காணும் நோயன்று. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 310 கோடி மக்கள், அஃதாவது நூற்றுக்கு 40 பேர், இதற்கு ஆளாயினர் என உலக சுகாதார தாபனம் கணக்கிட்டுள்ளது.

நெற்றியைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கினாற் போன்ற தலையிடி ஒருவகை. கவலையும் மன இறுக்கமும் அதனை வளர்ப்பன. ஒற்றைத் தலையிடி மற்றொரு வகை. அது பரம்பரையாகவும் தொடரும். ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும். தலை தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கவொண்ணா. நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிப்பதும் உண்டு. உணவு தவறல், உறக்கம் கெடல், நீர் அருந்தாமை, கடுவெயில் ஆகியன அதனைத் தூண்டுவன. பரீட்சைக் காலத்தில் நம் மாணாக்கரிடம் இவையனைத்தும் ஒருங்கே கூடுகின்றன அன்றோ?

நோவு தணிந்த பின்னும் தொல்லை தணிவதில்லை. பாடங்கள் தவறுகின்றன; வேலைக்குச் செல்லும் நாட்கள் குறைகின்றன. அடுத்தது எப்பொழுது வருமோ என்ற அச்சத்தால் கலியாண வீட்டிற்கும் செல்லாதிருப்போர் உளர்.

இன்னுமொன்று கவனிக்கற்பாலது. பரசிற்றமோல் மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக விழுங்கி வருவோர்க்கு, அம்மருந்தே ஓயாத தலையிடிக்குக் காரணமாகிவிடலாம். நோய் தீர்க்க எடுத்தது நோயாகும் விந்தை இது! ஆகவே தலையிடி வந்த நாள், உண்ட மருந்து, முன்னிரவின் உறக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

திடீரெனத் தாக்கும் கடுந்தலையிடி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கைகால் சோர்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் நோவு ஆகியவற்றிற்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளை தலையிடிக்கிறதென்றால், படிக்கக் கள்ளமென்று கடியுமுன், காலையில் உண்டதா, இரவு எப்பொழுது உறங்கியது என்று கேட்போமாக. காணமுடியாத நோவை நம்புதலே அதனைத் தணிக்கும் முதற்படி.