விசுக்கோத்துக்கு வெட்கம் ஏன்?

தோடம்பழச் சுவையும் சொக்கலேட்டும் சேர்ந்த ஜஃபா கேக், பிஸ்கற்றா கேக்கா என்று 1991இல் பிரித்தானிய வரித் தீர்ப்பாயம் ஒன்று விசாரித்தது. சொக்கலேட் பூசிய பிஸ்கற்றுக்குப் பெறுமதி சேர் வரி உண்டு. கேக்குக்கு அந்தச் சுமை இல்லை. பழசானால் கேக் இறுகும், பிஸ்கற் நமுத்துப்போகும் என்பதும் அங்கே எடைபோடப்பட்டது. கேக்தான் என்று தீர்ப்பாயிற்று.

இலண்டனில் வாழும் நம்மவர்கள் இவ்வழக்கை இன்றும் சுவைத்துப் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால், உடுவிற் கடைகளில் என் தலைமுறை கேட்டு வாங்கிய "விசுக்கோத்து" என்ற சொல்லுக்கு மட்டும் ஏன் முகஞ்சுளிக்கிறார்கள்? அது கொச்சையாம், "பிஸ்கற்" நாகரிகமாம்!

யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமானது 1619இல். ஆங்கிலேயர் வசமானது 1795இல். விசுக்கோத்து போர்த்துக்கேயம் தந்தது. பிஸ்கற் ஆங்கிலம் தந்தது. "இருமுறை சுட்டது" என்னும் இலத்தீன் வேரே இரண்டுக்கும் தாய். பாணும் கதிரையும் அலுமாரியும்கூடப் போர்த்துக்கேயக் கப்பலில் வந்தவைதாம். அவற்றைச் சொல்ல எவரும் கூசுவதில்லையே!

தனித்தமிழ் அன்பர்கள் "ஈரட்டி" என்கிறார்கள். அது கொள்கை, மதிக்கிறேன். ஓர் இரவற்சொல்லைத் துரத்திவிட்டு இன்னோர் இரவற்சொல்லுக்கு ஆசனம் கொடுப்பது கொள்கையன்று. எசமான் மாறியதும் நாவையும் மாற்றிக்கொள்ளும் அடிமைப்புத்தி.

ஜஃபா கேக்கின் பெயரைக் காக்க ஒரு தீர்ப்பாயம் கூடியது. விசுக்கோத்து நம் ஆச்சிமாரோடு மறைந்துபோனால், அதை மீட்டுத்தர எந்தத் தீர்ப்பாயமும் கூடாது.