சதுர அடிக் கணக்கும் பழைய சுவரும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்ற பழமொழி காலி மனையில் வீடு எழுப்பியவர்களின் அனுபவத்தில் பிறந்திருக்க வேண்டும். இருக்கிற வீட்டை இடித்துத் திருத்துகிறவர்களுக்கு அது போதாது. புது வீடு கட்டுபவர் பணம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு, இருக்கும் வாடகை வீட்டிலேயே இன்னும் ஓராண்டு காலம் தள்ளலாம். பாதி இடித்த சமையலறையை வைத்துக்கொண்டு யாரும் அப்படி நிறுத்த முடியாது. முதல் சம்மட்டி அடி விழும்வரை பேரம் பேசும் பலம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. விழுந்த பிறகு அது ஒப்பந்தக்காரரிடம் போய்விடுகிறது. புதுப்பித்தலின் செலவும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம்.

சென்னையில் இன்று எந்தக் கட்டட வேலைக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுகிறார்கள். புதுக் கட்டடத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பழைய வீட்டுக்குப் பொருந்தாது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சியிருக்கும் வீடுகளை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையிட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கெட்டித்துப் போட்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. அதன் பாரத்தைச் சுவர்களே தாங்குகின்றன. கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்துவிடலாம் என்று சொல்வது எளிது. அந்தச் சுவர்மேல் எத்தனை கட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன, அதற்குப் பதில் எந்த அளவில் இரும்பு உத்தரம் கொடுக்க வேண்டும் என்பது கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அவருக்குத் தரும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். அதுபோலவே, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிர்கிறது. சில ஆண்டுகளில் அதே சுவருக்கு இரண்டாம் முறை செலவு.

தரையைப் பெயர்த்தால் துருப்பிடித்த குழாய், சுவரைக் கொத்தினால் நில இணைப்பே இல்லாத பழைய மின்கம்பி, நிலையைத் தொட்டால் கரையான். இவை ஒவ்வொன்றும் ‘எக்ஸ்ட்ரா’. இடிபாட்டை அள்ளிப் போகும் வண்டிக் கூலியும் பல சமயம் எக்ஸ்ட்ராதான். இதை முழுக்க ஒப்பந்தக்காரரின் பேராசை என்று சொல்லிவிட முடியாது. சுவருக்குள் இருப்பது அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி விலையைக் கூட்டினால் வேலை கிடைக்காது என்பதும் தெரியும். மூன்று பேரிடம் விலை கேட்டு மிகக் குறைவாகச் சொன்னவரை அழைக்கும் நாமும் அந்த மௌனத்துக்கு உடந்தை.

முன்பணத்தின் கதை தனி. ஒரு வீட்டில் வாங்கிய முன்பணத்தை முந்தைய வீட்டின் பாக்கியை அடைக்கச் செலவிடும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அவருக்குக் கீழே மேஸ்திரி; அவருக்குக் கீழே கொத்தனாரும் சித்தாளும். மேலே பணம் நின்றுவிட்டால் முதலில் கூலி இழப்பவர் சித்தாள். வேலை பாதியில் நிற்கிறது. ஓய்வூதியப் பணத்தையோ வருங்கால வைப்பு நிதியையோ எடுத்து வீட்டைத் திருத்த முனைந்தவர், செய்த வேலைக்கே இரண்டாம் முறை பணம் தருகிறார்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கட்டுமான நிறுவனத்திடம் புது வீடு வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்தாண்டுக் காப்பு தருகிறது. கட்டமைப்பில் குறை தெரிந்தால் விற்றவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த வீட்டைப் புதுப்பிப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டுதலும் சேவையே. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லும். ஆனால் என்ன பேசினோம் என்பதை எப்படி நிரூபிப்பது? ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டியவர், தம் கையிலிருக்கக்கூடிய முக்கியமான சான்றை அந்த 18 சதவீதத்துக்கு விற்றுவிடுகிறார்.

எழுதிக் கேட்டால் நல்ல வேலைக்காரர்கள் வரமாட்டார்கள் என்பது பொதுவான மறுப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை. ‘என் வார்த்தை போதாதா?’ என்று மனம் நோகும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்களில் கைத்திறன் மிக்கவர்களும் உண்டு. எழுத்தை நம் சமூகம் அவநம்பிக்கையின் அடையாளமாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. ஆனால் ஓட்டின் நிறத்தை மூன்று தரம் மாற்றிவிட்டு, ஒட்டியதைப் பெயர்த்த கூலியைத் தர மறுக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். எழுத்து அவர்களிடமிருந்து மேஸ்திரியையும் காக்கும். பொதுப்பணித் துறையில் செய்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பணம் தருகிறார்கள். யாரும் அதை அவமதிப்பாக எண்ணுவதில்லை.

வீட்டு வேலைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன வேலை, எந்தப் பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும். எக்ஸ்ட்ரா எதுவானாலும் செய்வதற்கு முன்பே விலை எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். குளியலறையில் ஓடு ஒட்டுமுன் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் நிறுத்திப் பார்க்கட்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நியாயமானது. தளம் ஒழுகுமா என்பதை ஐப்பசி மழைதான் சொல்ல முடியும். அதுவரை தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் தர வேண்டும் என்பதும் அந்த நோட்டில் இருந்தால், வாங்க வருபவர் கூச்சமின்றி வந்து வாங்கிப் போவார்.