"டபுள்ஸ் தானே"ன்னு இழுக்குறவங்களுக்கு...

சானியா மிர்சா பேச்சு எடுத்தாலே யாராச்சும் ஒருத்தர் வந்து, "அட விடுங்க, அவங்க ஜெயிச்சதெல்லாம் டபுள்ஸ் தானே"ன்னு ஒரு வரியைப் போட்டுட்டுப் போயிடறார். எனக்குக் கடுப்பே அந்த "தானே"வுலதான். சிங்கிள்ஸ்ல தேறாதவங்க ஒதுங்குற சத்திரம்தான் டபுள்ஸ்ங்கற மாதிரி ஒரு நெனப்பு. சுத்த அபத்தம். அதுவும் மகளிர் டபுள்ஸ்னா இளப்பம் ரெண்டு மடங்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்குங்க மக்களே.

2015 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் இறுதி ஆட்டத்தையே எடுத்துக்குவோம். ஒரு பக்கம் சானியாவும் மார்ட்டினா ஹிங்கிஸும். எதிர்ப்பக்கம் ரஷ்யாவின் மக்கரோவா - வெஸ்னினா. சாதாரண ஜோடி இல்லை, 2013 பிரெஞ்சு ஓபன், 2014 அமெரிக்க ஓபன் ரெண்டையும் ஜெயிச்சவங்க. முதல் செட் 5-7ன்னு போச்சு. ரெண்டாவதை டைபிரேக்கர்ல பிடிச்சாங்க. மூணாவதுல 2-5. டிவியை அணைச்சுட்டுத் தூங்கப் போறதுக்கு ரொம்ப நியாயமான ஸ்கோர்! அங்கேருந்து 5-5க்கு வந்தாங்க. அதுக்குள்ள வெளிச்சம் போயிடுச்சு. ஆட்டத்தை நிறுத்தி, கூரையை மூடி, விளக்கைப் போட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. 7-5. மகளிர் இரட்டையர்ல கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் சானியா.

சரி, வெளிச்சம் ஏன் போச்சு? அன்னிக்கு சென்டர் கோர்ட்ல மகளிர் சிங்கிள்ஸ் இறுதி முடிஞ்சு, ஆண்கள் டபுள்ஸ் இறுதி முடிஞ்சு, கடைசிப் பந்தியிலதான் இவங்களுக்கு இலை போட்டாங்க. பரிசுப் பணமும் அதே கதைதான். அந்த வருஷம் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 18,80,000 பவுண்டு. டபுள்ஸ் ஜோடிக்கு 3,40,000. ரெண்டு பேரும் பங்கு போட்டா தலைக்கு 1,70,000. பதினோரு மடங்கு வித்தியாசம்! சிங்கிள்ஸ்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுன்னு விம்பிள்டன் 2007லயே கொண்டு வந்துச்சு. ஆனா இந்தப் பள்ளத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்லை.

இப்ப "தானே" கோஷ்டியோட வாதங்களுக்கு வருவோம்.

1) "சிங்கிள்ஸ்ல முடியாதவங்கதான் அங்க போவாங்க."

ஹிங்கிஸ் யாருங்க? சிங்கிள்ஸ்ல உலக நம்பர் 1ஆ இருந்தவங்க. வீனஸ் - செரீனா ஜோடி 14 கிராண்ட்ஸ்லாம் டபுள்ஸ் இறுதி ஆடி 14லயும் ஜெயிச்சது. நவ்ரத்திலோவா - பாம் ஷ்ரைவர் 1983லேருந்து 1985 வரைக்கும் தொடர்ச்சியா 109 ஆட்டம் ஜெயிச்சாங்க. சானியாவே 2007ல சிங்கிள்ஸ்ல 27வது இடம் வரைக்கும் போனவங்கதான். மணிக்கட்டுல அறுவை சிகிச்சை, அடுத்தடுத்து காயம்னு ஆகி 2013ல சிங்கிள்ஸை விட்டாங்க. அதை "தேறலை"ன்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்.

2) "பாதி மைதானம்தான் ஓடணும், ஈஸி."

டபுள்ஸ் கோர்ட் 36 அடி அகலம், சிங்கிள்ஸ் 27 அடி. ஓட்டம் கொறைச்சல்தான், ஒத்துக்கறேன். ஆனா யோசிக்க நேரமே கிடையாது. சிங்கிள்ஸ்ல ரிட்டர்னைப் பத்திரமா நடுவுல போட்டுட்டு அடுத்த பந்தைப் பார்த்துக்கலாம். இங்க அப்படிப் போட்டா வலைகிட்ட நிக்கிற ஆள் குறுக்கே பாய்ஞ்சு அங்கயே சமாதி கட்டிடுவார். குறுக்காவும் போகணும், தாழ்வாவும் போகணும், இல்லாட்டி அவங்க தலைக்கு மேல தூக்கிப் போடணும். சர்வீஸ்ல வேகத்தை விட எந்த இடத்துல விழுதுங்கறதுதான் முக்கியம். வலைகிட்ட நிக்கிறவர் முதுகுக்குப் பின்னாடி விரலால சைகை காட்டுறதைப் பார்த்திருப்பீங்க. அடுத்த பந்துக்கு யார் எந்தப் பக்கம் நகரணும்ங்கறது அதுலதான் முடிவாகுது. சானியா கடைசிக்கோட்டுலேருந்து ஃபோர்ஹேண்ட்ல போட்டு வாங்குவாங்க, பதறி வர்ற பந்தை ஹிங்கிஸ் வலைகிட்ட முடிச்சு வைப்பாங்க. 2015 அமெரிக்க ஓபன்ல ஆரம்பிச்சு 2016 பிப்ரவரியில தோஹாவுல தோக்கற வரைக்கும் 41 ஆட்டம் தொடர் வெற்றி, 9 பட்டம். அதிர்ஷ்டத்துல 41 வராது சாமி.

3) "யாரும் பார்க்கறதில்லை, அதான் காசு இல்லை."

டிவிக்காரன் காட்ட மாட்டான், போட்டி நடத்துறவன் ஓரத்து மைதானத்துல கடைசி ஆட்டமாப் போடுவான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து "கூட்டமே வரலை"ன்னு புலம்புவாங்க. கடையைப் பூட்டி வெச்சுட்டு வியாபாரம் இல்லைன்னா எப்படி?

2025 அமெரிக்க ஓபன்ல கலப்பு இரட்டையரை எடுத்து மாத்தினாங்க. 16 ஜோடி மட்டும், அதுல 8 ஜோடியை சிங்கிள்ஸ் தரவரிசை வெச்சு எடுத்தாங்க. ஆறு கேம் செட்டை நாலா சுருக்கினாங்க, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் ஆறு. ஜெயிக்கிற ஜோடிக்கு 10 லட்சம் டாலர். வருஷம் பூரா டபுள்ஸ் ஆடிப் பொழைக்கிறவங்க பெரும்பாலும் வெளியே. போன வருஷ சாம்பியன்களான எர்ரானி - வவஸோரிக்கே வைல்ட் கார்டுதான். கடைசியில என்னாச்சு? நட்சத்திரங்களை வரிசையாத் தாண்டி, இறுதியில ஸ்வியாடெக் - ரூடு ஜோடியையும் சாய்ச்சு, கோப்பையை அதே எர்ரானி - வவஸோரிதான் தூக்கிட்டுப் போனாங்க. இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சது. பெரிய மைதானத்துல, நல்ல நேரத்துல போட்டா கூட்டம் வருது. டபுள்ஸ்ங்கறது தனி வித்தை, சிங்கிள்ஸ் புகழ் அங்க செல்லுபடியாகாது.

சிங்கிள்ஸுக்கு சமமா காசு குடுங்கன்னு நான் கேக்கலை. இந்த வித்தியாசத்தை ஒரு அஞ்சு மடங்காவது ஆக்குங்க. மகளிர் டபுள்ஸ் இறுதியை வெளிச்சம் இருக்கும்போது போடுங்க. தரவரிசையில கீழ இருக்கிற ஜோடிகள் பயிற்சியாளருக்குச் சம்பளம் குடுத்து, ஊர் ஊரா டிக்கெட் எடுத்து ஆடணும். முதல் சுற்றுப் பணம் கொஞ்சம் ஏறினாலே அவங்களுக்கு இன்னொரு வருஷம் ஆட தெம்பு வரும். இல்லைன்னா இந்த ஆட்டத்தை உருப்படியா ஆட ஆளே மிஞ்ச மாட்டாங்க.

நம்ம ஊர் ஆட்களுக்கும் ஒண்ணு. கோப்பை வந்த அன்னிக்கு "இந்தியாவின் பெருமை", மறுநாள் "டபுள்ஸ் தானே". ரெண்டுல ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க.

டிஸ்கி: "அப்ப கிரிக்கெட்டை என்ன சொல்றே?"ன்னு பின்னூட்டம் போடக் கெளம்பறவங்களுக்கு... அது தனிப் பதிவு. இங்க டென்னிஸைப் பத்தி மட்டும் கும்மவும்.