தட்டைக் கோடு மட்டும் போதாது

காரைக்கால்மேட்டு மீனவர் பிள்ளைகளுக்கும் உரிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013இல் தொடங்கியது. அது தேடும் குறைபாடுகளுள் நடுச்செவி அழற்சியும் ஒன்று. செவிப்பறைக்குப் பின்னே தேங்கும் நீர் வெறும் டார்ச் வெளிச்சத்தில் எளிதில் புலப்படாது. பெரும்பாலும் வலியோ சீழோ இராததால் பெற்றோரும் அறியார். பிள்ளைக்குக் கவனமில்லை என்றே வகுப்பில் பெயர் வரும்.

டிம்பனோமீட்டர் கருவி அந்த நீரைத் தட்டைக் கோடாகக் காட்டும். ஆனால் குறும்பி அடைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் கோடு தட்டையாகவே வரும். உடன் பதிவாகும் காதுக்குழாய்க் கொள்ளளவைப் பார்க்க வேண்டும்: மிகக் குறைந்தால் குறும்பி, மிகுந்தால் ஓட்டை, இயல்பெனில் பெரும்பாலும் நீர்.

அந்த நீரும் பல பிள்ளைகளுக்கு மூன்று மாதங்களுக்குள் தானே வடிந்துவிடும். ஆகவே ஒரே சோதனையின் முடிவை நான் தீர்ப்பாகக் கொள்ளமாட்டேன். பள்ளிகளுக்கு இக்குழு வருவதோ ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாம் மாத மறுசோதனையை யார் செய்வது என்பதைப் புதுச்சேரி அரசு சொல்லட்டும்.