பெயருக்குக் கொடுக்கும் பணம்

டீக்கடை, பேக்கரி, பிரியாணிக் கடை, கூரியர், மழலையர் பள்ளி என எதற்கும் இன்று ஃபிரான்சைஸ் கிடைக்கிறது. கையில் பத்துப் பதினைந்து லட்சம் சேர்ந்தவர்களுக்கு, பெயர் இருந்தால் வியாபாரம் தானாக நடக்கும் என்று ஆசை காட்டப்படுகிறது. பெருநகரத்திலும் நெடுஞ்சாலையிலும் அதில் ஓரளவு உண்மை உண்டு. திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் போன்ற சிற்றூரில் அந்தக் கணக்கு செல்லாது. எந்தக் கடையை நம்புவது என்று தெரியாத வெளியூர்ப் பயணிதான் தெரிந்த பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிறார். கடைக்காரர் யார் வீட்டுப் பிள்ளை, பால் எங்கிருந்து வருகிறது என்பது வரை அறிந்த உள்ளூர்க்காரருக்குப் பலகை புதிதாக எதையும் சொல்வதில்லை.

நாகலாபுரத்துக்கு வெளியாட்கள் வருவதில்லையா என்று கேட்கலாம். வருகிறார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ள வேதநாராயண சுவாமி கோயிலுக்கு, குறிப்பாக மார்ச் மாதத்தில் சூரியக் கதிர் மூலவர்மேல் விழும் சூரிய பூஜைக்கு, ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பக்தர்கள் திரள்வார்கள். ஆனால் அந்தக் கூட்டம் சில நாள் கூட்டம். கடை வாடகையும் ஆள் சம்பளமும் பன்னிரண்டு மாதச் செலவு. மீதி நாட்களில் கடையைத் தாங்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்களும் சுற்றுக் கிராமத்தாரும்தான்.

இந்த நிலையில், பெயரைப் பயன்படுத்துவதற்காகத் தலைமை நிறுவனத்துக்குக் கட்டும் ராயல்டி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது லாபத்தின்மேல் இல்லை, விற்பனையின்மேல். ஒரு கணக்குக்காக, மாத விற்பனை 3 லட்சம், எல்லாச் செலவும் போக மிச்சம் 10 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 6 சதவீதம் என்றால் 18,000 போய்விடும். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,240 ரூபாய். 5 சதவீத வரியில் இயங்கும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்த வரியும் கடைக்காரர் தலையில்தான் விழும். கையில் நிற்பது 8,760 ரூபாய். போட்ட முதலுக்கு வட்டியையும் அதிலிருந்துதான் கட்ட வேண்டும். விற்பனை குறைந்து கடை நஷ்டத்தில் ஓடினாலும் தலைமை நிறுவனத்துக்கு வரவு உண்டு.

பிணக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கன்னாட் பிளாசா ரெஸ்டாரண்ட்ஸ் நிறுவனத்தில் சரிபாதிப் பங்காளியாக இருந்தவர் விக்ரம் பக்‌ஷி. 2013-இல் அவர் நிர்வாக இயக்குநர் பதவியை இழந்தார். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் அவரை மீண்டும் அமர்த்தியது. அடுத்த மாதமே 169 கடைகளுக்கான ஃபிரான்சைஸ் உரிமையை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019-இல் பக்‌ஷி தன் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறிய பிறகே வழக்கு ஓய்ந்தது. இத்தனை பலம் கொண்டவருக்கே ஆறாண்டு இழுபறி என்றால், ஒற்றைக் கடைக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் பொதுவான பிற சட்டங்களையுமே நம்ப வேண்டியிருக்கிறது. மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமோ, கையெழுத்துக்குப் பத்து நாள் முன்பே ஒப்பந்த நகலையும் விவர ஆவணத்தையும் கொடுக்கச் சொல்கிறது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறி விலக அவகாசம் தருகிறது.

தொழில் தெரியாதவருக்குப் பயிற்சியும், ஒரே தரத்தில் சரக்கும், சோதித்துப் பார்த்த முறையும் கிடைக்கின்றனவே என்பது நியாயமான மறுப்பு. மருந்துக்கடை, கணினிப் பயிற்சி போன்ற நுணுக்கமான தொழில்களில் அதற்கு விலை கொடுக்கலாம். டீயும் இட்லியும் போடக் கற்க ஆறு மாதம் நல்ல கடையில் வேலை பார்த்தால் போதும். அதற்காக ஆண்டுக்கணக்கில் விற்பனையில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. பெயர் இருந்தால்தான் வங்கி கடன் தரும் என்பார்கள். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சொந்தப் பெயரில் கடை வைப்பவரும் பிணையில்லாமல் 10 லட்சம் வரை கடன் கேட்கலாம்.

ஆகவே முடிவெடுக்கும் முன் இரண்டு கேள்விகள் போதும். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேராவது வெளியூர்க்காரர்களா? ராயல்டியும் வரியும் வட்டியும் போக, அதே உழைப்புக்கு வெளியில் கிடைக்கும் சம்பளமாவது மிஞ்சுமா? இரண்டுக்கும் ஆம் என்றால், ஃபிரான்சைஸ் தரும் நிறுவனத்தின் ஓடும் கடைகளோடு மூடிய கடைகளின் பட்டியலையும் கேட்டு வாங்கி, மூடியவர்களிடம் நேரில் பேச வேண்டும். பட்டியல் தர மறுக்கும் நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. சட்டம் வாங்கித் தராத விவரத்தை, முதல் போடுபவர்தான் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.